மெழுகு மழை

டம்ளரின் அடியில் மிஞ்சும் டீயைக் கீழ்வீட்டு அக்கா குடிப்பதில்லை. தாளின் மேல் ஊற்றி, தாளை இப்படியும் அப்படியும் சாய்த்து ஓடவிடுகிறார். "வெள்ளையா இருந்தா கை வர மாட்டேங்குது. முதல்ல கொஞ்சம் கெடுத்துடணும், அப்புறம் பயம் போயிடும்" என்கிறார். கறை காய்ந்ததும் அதன் மேல் நீலத்தை இழுத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே ஒரு சிட்டிகை கல்லுப்பைத் தூவுகிறார். உப்பு விழுந்த இடங்களில் வண்ணம் விலகி, வானம் பொடிப்பொடியாகப் பூக்கிறது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தாளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறார். அவர் வீட்டுச் சமையலில் உப்பு குறைவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார். நான் மாடியில் குடியிருப்பவன், அவ்வப்போது சாப்பிட்டும் இருக்கிறேன். நம்புவதாக இல்லை.

பிழைப்புக்கு அக்கா கடைகளுக்கு விலைப்பலகை எழுதித் தருகிறார். மற்ற நேரமெல்லாம் படம்தான். இருக்கிற ஒரே முன்னறையில் ஜன்னல் பக்கம் அவருடைய மேஜை. வாசல் பக்கம் அவர் கணவரின் தையல் மெஷினும் இஸ்திரி மேஜையும். நடுவே தரையில் ஒரு வெள்ளைக்கோடு. அக்காவின் கரித்தூள் பறந்துபோய் யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்த அன்று, துணியில் குறி போடும் சாக்குக்கட்டியால் தையல்காரர் அந்தக் கோட்டைப் போட்டார். "அந்தப் பக்கம் உன்னுது, இந்தப் பக்கம் என்னுது. அவ்வளவுதான்." கால் பட்டு அழிந்தால் மறுநாள் காலையில் திரும்பப் போடுகிறார்.

கோடு தரையில்தான் இருக்கிறது. பொருள்கள் அதை மதிப்பதில்லை. சாக்குக்கட்டி, லேஸ் துண்டு, மழுங்கிய பிளேடு எல்லாம் ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் போய்ச் சேர்கின்றன. பிளேடால் அக்கா காய்ந்த வண்ணத்தைச் சுரண்டி வெளிச்சம் எடுக்கிறார். பழைய பஸ் டிக்கெட்டுகளைக் கிழித்து ஒட்டிச் சுவர் எழுப்புகிறார். ஈர வண்ணத்தில் சீப்பை இழுத்து ஓட்டுக்கூரை செய்கிறார். அந்தச் சீப்பால் தலை வாரிக்கொண்டு தையல்காரர் ஒருநாள் பச்சை வகிட்டோடு வங்கிக்குப் போய்வந்தார். "கேஷியர் ஏன் சிரிச்சான்னு இப்பத்தானே தெரியுது" என்றார். கோபமில்லை. ஆனால் படங்களைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ வாய் திறந்து நான் கேட்டதில்லை.

எத்தனை வித்தை இருந்தாலும் அக்காவுக்கு உயிர் மெழுகுவர்த்தித் துண்டுதான். வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகால் வரைவார். ஒன்றும் தெரியாது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் கோடுகள் லேசாக மினுங்கும். பிறகு நீர்த்த மையைத் தடவினால் மெழுகில் மை ஒட்டாது. மறைந்திருந்த கோடெல்லாம் வெள்ளையாக எழுந்து வரும்.

இவ்வளவு நாளும் அவர் படங்கள் போன தூரம் கட்டிலுக்கு அடி வரைதான். கையெழுத்துப் போடுவதில்லையே என்று கேட்டால், "அங்க இருக்கிற பல்லிக்கு என் பேர் தெரியும்" என்பார். தையல்காரர் நேர்மாறு. காலருக்கு உள்ளே கடையின் பெயர் நெய்த சின்னத் துணிச்சீட்டைத் தைக்காமல் ஒரு சட்டையும் வெளியே போகாது.

போன மாதம் பக்கத்து நூலகத்தில் வாசல் சுவருக்கு ஒரு படம் கேட்டார்கள். முதல் முறையாக ஒரு படம் வெளியே போகப் போகிறது. அக்கா சின்னப்பெண்போல ஆகிவிட்டார். மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஜனங்கள்தான் படம். கொடுக்க வேண்டிய நாளன்று, இருந்த ஒரே கனத்த தாளில் காலையிலிருந்து மெழுகால் மழையை வரைந்துவிட்டு, டம்ளர் கழுவ உள்ளே போனார். சாயங்காலம் நூலகர் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

என் பேண்ட்டை வாங்க நான் கீழே வந்தபோது மின்விசிறிக் காற்றில் ஒரு வெள்ளைத் தாள் கோட்டைத் தாண்டி வந்து கிடந்தது. இஸ்திரிப்பெட்டியின் சூட்டை ஏதாவது தாளில் வைத்துப் பார்ப்பது தையல்காரரின் வழக்கம். அதை எடுத்து வைத்து அழுத்தினார். தாள் பழுப்பேறவில்லை. திருப்தியாக என் பேண்ட்டைத் தேய்த்துவிட்டு, தாளை நல்ல மனதோடு மேஜையில் திரும்ப வைத்தார்.

அக்கா வந்து மையைத் தடவினார். மழை வந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் மழையைக் காணோம். சூட்டில் மெழுகு உருகிப் பரவி, இஸ்திரிப்பெட்டியின் வடிவத்தில் வெறும் வெள்ளை. மை அதில் முத்துமுத்தாக உருண்டு ஓடியது.

"வெறும் தாள்னு நினைச்சேம்மா" என்றார் தையல்காரர்.

"வெறும் தாளா? காலையிலேர்ந்து அதுல மழை பெஞ்சுக்கிட்டிருக்கு!"

அக்கா அந்த இடத்தில் கரியை வைத்துப் பார்த்தார், வழுக்கியது. டிக்கெட் ஒட்டிப் பார்த்தார், பசை நிற்கவில்லை. அக்காவின் கண் கலங்கி நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். பாவமாக இருந்தது. "விடுங்க, வேற யாராவது வரைஞ்சு குடுப்பாங்க" என்றார் அக்கா.

தையல்காரர் தலையைச் சாய்த்து, வாடிக்கையாளரை அளவெடுக்கும் கண்ணோடு தாளைப் பார்த்தார். "மேல கூர்மையா குல்லா. தோள் இறங்கியிருக்கு. கீழ விரிஞ்சிருக்கு. ஏம்மா, இது ரெயின்கோட் மாதிரி இல்ல?"

"ரெயின்கோட்டுன்னா பாக்கெட் வேணும், பட்டன் வேணும். அதுல எதுவும் நிக்க மாட்டேங்குதே."

"ஊசி நிக்குமில்ல?"

தையல்காரர் தரையின் வெள்ளைக்கோட்டைத் தாண்டி வந்து அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா சுற்றிலும் கரியால் குடைகளை நெருக்கி வரைய, அவர் நடுவில் சாம்பல் நிற நூலால் பாக்கெட் தைத்தார். பிறகு நிமிர்ந்து மிகவும் கவலையாகக் கேட்டார்: "ஆம்பளையா, பொம்பளையா? பட்டன் எந்தப் பக்கம் வைக்க?"

"நனையறவங்கள்ல என்னங்க ஆம்பளை பொம்பளை? கை போற பக்கம் வைங்க."

என் பேண்ட்டில் இரண்டு மெழுகுக் கோடு ஏறியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இப்போதும் இருக்கிறது. மழை என்று வைத்துக்கொண்டேன்.

கடைசிப் பட்டனும் தைத்தாயிற்று. கூட்டத்துக்கு நடுவே, குடை இல்லாமல், ஓர் ஆள் சுகமாக நின்றுகொண்டிருந்தது. வெளியே நூலகரின் குரல் கேட்டது. "பேர் போடுங்க அக்கா, இது பல்லிக்கு இல்ல" என்றேன். அக்கா கரித்துண்டை எடுத்துத் தன் பெயரை ஓரத்தில் சின்னதாக எழுதினார். எட்டி நின்று பார்த்தார், போதவில்லை போலிருந்தது. கோட்டைத் தாண்டிக் கையை நீட்டித் தையல்காரரின் டப்பாவிலிருந்து ஒரு துணிச்சீட்டை எடுத்தார். தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் ஊசியில் நூல் கோக்கும்வரை விரலை எடுக்காமல் நின்றார்.