கீபோர்ட்டின் இரண்டாம் பொத்தான்

கொம்பியூட்டர் தன்பாட்டில் அப்டேட் ஆகி எழும்பிய காலையில், என் கம்பியில்லாத கீபோர்ட் அதனோடு கதைப்பதை நிறுத்திவிட்டது. எங்கள் வீட்டில் கதை நிற்பது புதிதில்லை. நானும் அக்காவும் அப்போது மூன்று வருடமாகக் கதைக்காமல் இருந்தோம். அக்கா தூரதேசத்தில் இல்லை. அதே வீட்டின் மற்றப் பாதியில், ஒற்றைக் கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். இருமினால் கேட்கும்.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மாவுக்கு ஒரு வீடு, இரண்டு பெட்டைகள். ஆளுக்குப் பாதி என்று உறுதி எழுதி வைத்தார். அக்கா தன் பாதியோடு கலியாணம் கட்டினார். எனக்குக் கலியாணம் வரவில்லை, சீதனம் மட்டும் வந்தது. அத்தான் காலமாகி, மகனும் கனடா போன பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து கோட்டடியில், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், ஒரு தட்டச்சுக் கடை நடத்தினோம். மனு, உறுதி, பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு என்று நாள் முழுக்க அடிப்போம். எதிரே குப்பையில், எங்கள் ஊரில் தெருவில் திரியும் மான்கள் வந்து எங்கள் பிழைத்தாள்களைத் தின்னும்.

பிறகு அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒருநாள் என்னைக் கேட்காமலே அக்கா டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டார். செத்தவீட்டில், ஊர்ச்சனம் எல்லாம் கதிரைகளில் இருக்க, நான் அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

“நீங்கள்தான் அம்மாவைக் கொண்டுவந்து சாக்காட்டினனீங்கள்.”

வீட்டுக்குப் போகவேண்டும் என்று அம்மா என் கையைப் பிடித்தும் அழுதவர்தான். அது தெரிந்துகொண்டுதான் சொன்னேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு மேசனைப் பிடித்துச் சுவர் வைத்ததும் நான்தான். கடைச் சாமான் பிரித்தபோது பிரிண்டர் அக்காவுக்குப் போனது. அவருடைய மகன் அனுப்பிய இந்தக் கீபோர்ட் எனக்கு வந்தது.

கீபோர்ட் சண்டித்தனம் பண்ணிய அதே வாரம்தான் இன்னொன்றும் தெரியவந்தது. இறக்கக்கண்டியிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் எங்கள் இரண்டு வாசல் படலைக்கும் பொதுவான ஆள். பாரை மீனை நிறுத்துக்கொண்டே, அக்கா வருகிற புதன்கிழமை ஒரேயடியாகக் கனடாவுக்குப் போகிறாராமே, நான் கூடப் போகவில்லையா என்று கேட்டார். தெரியும் என்றேன். தெரியாது. மீனை வாங்கி வந்து குசினியில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். சொல்லாமலே போகப்போகிறாரா என்பதுதான் அன்றிலிருந்து என் நெஞ்சில் கிடந்தது. நான் போய்க் கேட்கலாம். படலைக்குப் படலை பத்து அடி. கால் எழும்பவில்லை.

அதனால் முழுக் கோபத்தையும் கீபோர்ட்டில் இறக்கினேன். புதுப் பற்றரி போட்டேன். கொம்பியூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். அந்தக் கீபோர்ட்டின் மேல்வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொத்தான்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்ன விளக்கோடு. ஒன்றாம் பொத்தானை அமத்திப் பிடித்தால் விளக்கு மினுங்கும், கொம்பியூட்டர் ஆறு இலக்கம் காட்டி அதைக் கீபோர்ட்டில் அடிக்கச் சொல்லும். மினுங்கும் விளக்கைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. மினுங்குவது பிழை, அசையாமல் எரிவது சரி என்பது என் எண்ணம். இரண்டைத் தட்டிப் பார்த்தேன். விளக்கு ஆடாமல் அசையாமல் நின்றது. ஆகா, பிடித்துவிட்டது என்று அந்த ஆறு இலக்கத்தையும் இரண்டில் நின்றே அடித்தேன். நேரம் முடிந்துவிட்டது என்றது திரை. திரும்ப ஒன்று, திரும்ப மினுக்கம், திரும்ப இரண்டு, புது இலக்கம். ஒரு நாள் முழுக்க இதே கூத்து.

வயர் கீபோர்ட் ஒன்று வாங்கினால் முடிந்த கதை. வீம்பு விட்டால்தானே. இரண்டாம் நாள், திரையில் வராதுதானே என்ற துணிவில், வாயில் வந்த வசவையெல்லாம் அடித்தேன். மூன்றாம் நாள் வசவும் தீர்ந்துவிட்டது. பின்னேரம், துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதி ஓய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சூட்கேஸ் இழுக்கிற சத்தம் கேட்டது. யாரும் பார்க்காத கீபோர்ட்டில் நான் அடித்தேன்: அக்கா, அன்றைக்குச் சொன்னது பொய். அம்மா என்னிடமும் வீட்டுக்குப் போகக் கேட்டவர். எனக்குத் துணிவு வரவில்லை, உங்களுக்கு வந்தது. அந்த எரிச்சலில் சொன்னேன். போகிறதென்றால் ஒருக்காச் சொல்லிவிட்டுப் போங்கள்.

முகத்தைத் துடைத்துவிட்டு அரிசி களையப் போனேன். அரைமணித்தியாலம் இருக்கும், படலை திறந்தது. அக்கா டப்லெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை.

டப்லெட்டை என்னிடம் நீட்டினார். அதில் அவர் கொண்டுபோகும் சாமான்களின் பட்டியல் திறந்திருந்தது. மிளகாய்த்தூள், ஒடியல்மா, நெத்தலிக் கருவாடு. அதற்குக் கீழே வரிசை வரிசையாக ஆறு இலக்கங்கள். அதற்கும் கீழே அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள், பக்கம் பக்கமாக. ஐயோ என்று இருந்தது எனக்கு. அந்தக் கீபோர்ட் கடைக்காலத்தில் அக்காவின் டப்லெட்டோடும் இணைத்த கீபோர்ட். அந்த டப்லெட்தான் இரண்டாம் பொத்தானில் இருந்திருக்கிறது. கீபோர்ட் சுவரைத் தாண்டிப் போய் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, நான் அடித்ததையெல்லாம் அங்கே கொட்டியிருக்கிறது.

வேறு யாருடைய டப்லெட் என்றாலும் தப்பியிருப்பேன். நாங்கள் பழகியது பழைய தட்டச்சு முறை. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் எழுத்தை மனதில் வைத்து அடிப்பது. அதற்குரிய எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் குப்பையாகத்தான் விழும். ஆனால் இருபது வருடம் அந்த முறையில் அடித்தவளுக்குக் குப்பையும் தமிழ்தான். அக்கா எல்லாவற்றையும் வாசித்திருந்தார். முதல் நாள் இலக்கங்களைப் பார்த்து மகன் ஏதோ அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாராம். இரண்டாம் நாள் ‘கோதாரியில போன சாமான்’ என்று வந்ததும், கதைக்காமல் இருந்தவள் இப்போது ஏசவும் தொடங்கிவிட்டாள் என்று கோபம் வந்ததாம்.

அது கீபோர்ட்டுக்கு ஏசியது என்றேன். அக்கா விரலால் கடைசிப் பந்திக்குத் தள்ளினார்.

“இதுவும் கீபோட்டுக்கோ, எனக்கோ?”

கீபோர்ட்டுக்கு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வாய் அப்படிப்பட்ட வாய்தான்.

“உங்களுக்குத்தான் அக்கா.”

அக்கா உள்ளே வந்து என் கதிரையில் இருந்தார். ஒன்றாம் பொத்தானை அமத்திப் பிடித்தார், விளக்கு மினுங்கியது, மினுங்க விட்டுவிட்டு ஆறு இலக்கத்தையும் அடித்து என்டரைத் தட்டினார். கொம்பியூட்டர் சொன்னபடி கேட்டது. மூன்று நாள் பாடு ஒரு நிமிடத்தில் முடிந்தது. விளக்கு மினுங்கினால் தேடுகிறது என்று அர்த்தமடி, பொறுக்கத் தெரியாதா என்று ஏசினார். மூன்று வருடத்துக்குப் பிறகு வாங்கிய ஏச்சு. நான் தேத்தண்ணி வைத்தேன்.

எழும்பும்போது, தன் டப்லெட்டிலிருந்து என் கீபோர்ட்டை எடுத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன்.

புதனுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. நெத்தலிக் கருவாட்டை நான்தான் நாலு பொலித்தீன் பைக்குள் சுற்றி மணம் வராமல் கட்டிக்கொடுத்தேன். அம்மாவைப் பற்றி நாங்கள் அதிகம் கதைக்கவில்லை. வான் வந்த விடியற்காலையில் அக்கா தன் பக்கத்துக் கதவுத் திறப்பை என் கையில் வைத்துவிட்டு ஏறினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் கோல் எடுப்பார். அங்கே குளிர், முழங்கால் நோ, பேரப்பிள்ளையின் கத்தல். என்ன கறி என்று கேட்பார். சொல்வேன். வைத்துவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் இருமலும் இல்லை. கிழமைக்கு ஒருக்காப் போய் அந்தப் பாதியைக் கூட்டித் துடைத்துவிட்டு வருவேன்.

வேலை முடிந்தபின் சில நாட்களில் இரண்டைத் தட்டுவேன். விளக்கு மினுங்கும், கொஞ்ச நேரம் தேடும், பிறகு அணைந்துவிடும். டப்லெட் கடல் கடந்து போய்விட்டது, பிடிக்க ஏலாது என்று எனக்குத் தெரியும், விசரில்லை. அந்தப் பொத்தான் மூன்று வருடமும் என் கைக்குக் கீழேதான் இருந்தது. அப்போது எந்த நாள் தட்டியிருந்தாலும் உடனே பிடித்திருக்கும். ஒற்றைக் கல் சுவர்தானே.