பதினாறு அடிக்கு ஒரு விநாடி

பௌதிகம் டியூஷன் எடுப்பவனுக்கு வருஷம் முழுக்க ஒரே வேலைதான்: கோபுரத்திலிருந்தும் பாலத்திலிருந்தும் கல்லைக் கீழே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கல் எத்தனை விநாடியில் தரையைத் தொடும் என்று தெரியாமல் பேனாவைக் கடித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எது முதலில் விழும்?

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மந்தைவெளியில் எனக்குக் கிடைத்த மாணவி அலமேலு மாமிக்கு முப்பத்தொன்று. பத்தொன்பதில் கணவரை இழந்து, அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவர். பள்ளி இறுதிப் பரீட்சையில் இரண்டு தடவை பௌதிகத்தில் போய்விட்டது. பாஸ் செய்தால் உபாத்தியாயினி டிரெயினிங்கில் சேரலாம். "இதுதான் கடைசித் தடவை" என்று அண்ணன் சொல்லிவிட்டார். கோர்ட்டு குமாஸ்தாவான அவர், பாடம் நடக்கும்போது பத்திரிகையோடு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

கனமானதும் லேசானதும் சேர்ந்தே விழும் என்று ஒருநாள் நான் சொன்னதும் பத்திரிகை இறங்கியது. அவர் நம்பவில்லை. மூவரும் மொட்டைமாடிக்குப் போனோம். ஒரு கையில் இரும்பு எடைக்கல், மறு கையில் கொட்டைப்பாக்கு. இரண்டையும் அவரே சந்துப்பக்கம் விட்டார். பதினாறடி உயரம்; ஒரு விநாடியில் ஒரே சத்தம்தான் கேட்டது. எட்டிப் பார்த்தால், நாலடி தள்ளிக் கூடையோடு நின்ற கீரைக்காரி எங்களை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா சாமி, காலைலயே ஊட்டைப் பிரிச்சுப் போட்டுக்கினு கீறீங்க?"

உச்சியில்

மேலே எறிந்த கல் உச்சியைத் தொடும்போது அதன் வேகம் பூஜ்யம். அந்த இடத்தில் மாமி பூமியின் இழுப்பையும் பூஜ்யமாக்கிவிடுவார். நீங்கள் செய்த அதே தப்புதான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, "இழுப்பே இல்லேன்னா கல் அங்கேயே நின்னுடணுமே மாமி, ஏன் திரும்பி வரது?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அவர் தாம் போட்ட படத்தில் கல்லின் உச்சியில் விரலை வைத்தார். அப்புறம் பூஜ்யத்தை அடித்துவிட்டு, அடிக்கணக்கில் இழுப்பின் அளவான முப்பத்திரண்டை அழுத்தி எழுதினார்.

"நின்னுடுத்துன்னு நாமதான் நினைச்சுக்கறோம் சார். இழுக்கறது இழுத்துண்டேதான் இருக்கு."

மைனஸ் ஒரு விநாடி

நாற்பத்தெட்டடி கோபுரத்தின் மேலிருந்து, விநாடிக்கு முப்பத்திரண்டடி வேகத்தில் ஒரு கல்லை மேல்நோக்கி எறிந்தால் எப்போது தரைக்கு வரும்? விடை இரண்டு வரும்: மூன்று விநாடி, மைனஸ் ஒரு விநாடி. எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் பாதிப்பேர் தடுமாறுவார்கள்.

பரீட்சையில் இதே மாதிரிக் கணக்கு வந்துவிட்டது. பரீட்சை ஹால் வாசலில் அண்ணனும் நானும் காத்திருந்தோம். "எறியறதுக்கு முன்னாடியே கல் விழாதுன்னு ஒரு வரி எழுதிட்டு, மைனஸை அடிச்சுட்டேன்" என்றார் மாமி. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். சரிதான் என்று தலையாட்டினேன்.

ரிசல்ட் வந்த அன்று பத்திரிகையை அண்ணன்தான் பிரித்தார். விரலை வைத்து நம்பர் நம்பராக இறங்கி, ஓரிடத்தில் நிறுத்தினார். மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் தடவையும் விரல் அதே இடத்தில் நின்றதும், பத்திரிகையைத் தங்கையிடம் நீட்டினார்.

"நம்பர் இருக்கு. நீயே ஒரு தரம் பார்த்துடு, எனக்குக் கண் சரியாத் தெரியலை."

டிரெயினிங் முடித்த கையோடு மாமிக்கு ஒரு பெண்கள் பள்ளியில் நிரந்தர உத்தியோகம் கிடைத்துவிட்டது. சொல்லிக்கொடுத்த எனக்கு அது கிடைக்க மேலும் ஆறு வருஷம் பிடித்தது.