முகக்கவரி மறைத்த பாதி

சனிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. எனக்குத் தெரிந்தது பிற்பகல் இரண்டு இருபதுக்கு. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் நான் வீட்டை இரண்டு முறை துடைத்திருந்தேன்.

இரண்டு இருபதுக்கு மகள் தன் அறையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். பத்து வயது. கண்களை இறுக மூடியிருந்தாள். இமைகள் தடித்துப்போய், இரண்டு கண்களிலிருந்தும் நீர் வடிந்துகொண்டிருந்தது.

“ப்பா, கண்ணுல மண்ண அள்ளிக் கொட்டுன மாரி இருக்குப்பா.”

அப்போது நான் செய்த முதல் காரியத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சமையலறை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதன் பிறகுதான் அவளைத் தொட்டேன்.

அவள் பள்ளியில் அந்த வாரம் கண்வலி பரவிக்கொண்டிருந்தது. வகுப்பில் இரண்டு பேர் வரவில்லை என்று வெள்ளிக்கிழமை அவளே வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் வலக்கண் ஓரத்தில் மஞ்சளாகப் பூளை, நூல் மாதிரி தொங்கியது. மற்ற வீடுகளில் அப்பன்மார் விரல் நுனியால் துடைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். நான் இரண்டடி பின்னால் போனேன். “அங்கயே நில்லு. கண்ணத் தொட்ட கையால எதயும் தொடாத” என்றேன். அவள் புத்தகப்பையை முதுகிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள். அன்று அவளுக்குத் தனித்தட்டு, தனித்துண்டு. இராத்திரி வழக்கமாக என் தோளில் சாய்ந்து படிக்கிறவளை நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டு உட்கார வைத்தேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாருக்கும் வந்த பயம்தான் எனக்கும் வந்தது. மற்றவர்களுக்குப் போய்விட்டது. எனக்கு அது அருவருப்பாக மாறித் தங்கிவிட்டது. ஒரே துணியால் ஏழு மேசையைத் துடைக்கிற சாப்பாட்டுக் கடை, யாரோ குழந்தை சப்பிய எச்சில் காயாத தள்ளுவண்டிக் கைப்பிடி, எண்ணெய்ப் பிசுக்கேறிய கதவுக் குமிழ், பல்லி எச்சம். பார்த்தாலே நாக்கடியில் நீர் சுரக்கும். கெலாங் பாத்தாவில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் வாசலில் செருப்பு அலமாரி இருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையையே கிருமி நீக்குவதற்கென்று ஒதுக்கினேன். வெளியிலிருந்து வருகிற எந்தப் பொருளும் முதலில் அங்கேதான் போகும். பள்ளிப்பை, காய்கறி, கைப்பேசி, மனைவியின் தலைக்கவசம் எல்லாமே.

அந்த அறையில்தான் புற ஊதா விளக்கு இருந்தது.

கைப்பேசியிலேயே தேடி வாங்கியது. ஒரு முழ உயரத்தில் வளைந்த கண்ணாடிக் குழாய், கறுப்பு அடித்தட்டு, கையில் பிடித்து அழுத்த ஒரு சின்ன ரிமோட். ஆளைக் கண்டால் தானே அணைகிற வசதியெல்லாம் அதில் இல்லை. அழுத்தினால் வெளிர்நீலமாக எரியும், அரை மணி நேரத்தில் அணையும். அணைந்த பிறகு அறையில் பொசுங்கிய முடியும் ஈர இரும்பும் கலந்தாற்போல ஒரு நாற்றம் வரும். மனைவிக்குக் குமட்டும். எனக்கு அது சுத்தத்தின் வாசனையாக இருந்தது.

அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். என் பிழைப்பே அதுதான். தொழிற்சாலைகளின் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். ‘நேரடியாகப் பார்க்காதீர்’ என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். விளக்கின் அடித்தட்டிலும் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. எழுத்தெல்லாம் சீனம், ஆனால் ஒரு கண்ணின் படமும் அதன் குறுக்கே சிவப்புக் கோடும் இருந்தன. எந்தக் குழந்தைக்கும் புரியும். அதன் ஓரப் பசையில் தூசியும் முடியும் ஒட்டிக் கறுப்பாகத் திரண்டிருந்ததால், சகிக்காமல் அந்த எச்சரிக்கைத் தாளையே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

மகளுக்கு நான் சொன்ன காரணமும் வேறு. ஒளி, கருவிழி என்றெல்லாம் விளக்குவதைவிட அருவருக்கவைப்பது சுலபம் என்று நினைத்தேன். “லைட்டு எரியறப்ப உள்ள போகக்கூடாது. கிருமியெல்லாம் சாகறப்ப வெடிச்சுப் பறக்கும், மூக்குல ஏறிடும்” என்றேன். அவள் முகத்தைச் சுளித்தாள். அது போதும் என்று திருப்தியாக இருந்தது.

மனைவி சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடியுமுன் மோட்டார்சைக்கிளில் எல்லையிலுள்ள இரண்டாவது பாலத்தைத் தாண்டிப் போய், பொழுது சாயும்போது திரும்புவாள். வந்ததும் பின்வாசல் வழியாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் மகளைத் தொடலாம் என்பது என் சட்டம். அவள் கேட்டின் அருகே நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்:

“ரெண்டு நாட்டு இமிகிரேசனும் என்னை உள்ள விட்டுட்டான். இந்த வீட்டு இமிகிரேசன்தான்லா நிக்க வைக்குது!”

“குளிச்சிட்டு வாயேன், என்ன கொறஞ்சி போச்சு?”

“சாவு வீட்டுக்கா போயிட்டு வந்தேன்? செத்தவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தாதாங்க தீட்டு. நான் சம்பாரிக்கப் போயிட்டு வந்தேன்.”

மகள் சன்னலில் நின்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சட்டத்தை மட்டும் மாற்றமாட்டேன். தீட்டு பார்க்கிறவர்களைப் படிக்காதவர்கள் என்று பேசித் திரிந்தவன் நான்.

சனிக்கிழமை காலை எட்டு பத்துக்கு மகளின் பள்ளிப்பை, தலையணை, எழுதுகோல்கள் எல்லாவற்றையும் அந்த அறையில் பரப்பிவைத்து, வெளியே வந்து கதவைச் சாத்தி, ரிமோட்டை அழுத்தினேன். பிறகு அவளுடைய படுக்கை விரிப்பைக் கொதிநீரில் போடப் பின்கட்டுக்குப் போனேன். அவ்வளவுதான்.

இரண்டு இருபதுக்குக் கையுறை போட்ட கைகளால் அவள் முகத்தைக் குழாயடியில் பிடித்தேன். தண்ணீர் பட்டதும் வீறிட்டாள். என் மணிக்கட்டைத் தள்ளினாள். கண்வலி முற்றிவிட்டது என்றே நினைத்தேன். அந்த நீர் என் சட்டையில் தெறித்ததே என்ற எண்ணமும் கூடவே ஓடியது. அப்போதுதான் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன்.

நெற்றியிலிருந்து மூக்கின் பாதிவரை சிவந்து கிடந்தது. அதற்குக் கீழே, கன்னத்திலும் வாயைச் சுற்றியும், வழக்கமான நிறம். நடுவில் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல ஒரு கோடு, காதுக்குக் காது.

எந்தக் கண்வலியும் முகத்தில் கோடு போடாது.

“நீ அந்த ரூமுக்குள்ள போனியா?”

அவள் முகத்தை என் கையிலிருந்து விலக்கிக்கொண்டாள்.

“லைட்டு எரியறப்பப் போனியா? சொல்லும்மா.”

“மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான்ப்பா போனேன்” என்றாள் அழுகையினூடே. “கிருமி மூக்குல ஏறல.”

கையுறையைக் கழற்ற முயன்றேன். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். அதன் ரப்பர்ச் சுவை இன்னும் என் வாயில் இருக்கிறது. மகளின் கண் போய்விட்டதா என்பதைத் தவிர மனத்தில் வேறு ஒன்றுமே இல்லை. கார் ஓட்டுகிற நிலையில் கைகள் இல்லை.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் மலாய்க்கார அம்மாவை மகள் மலாயில் அத்தை முறை வைத்து மக்சிக் என்று கூப்பிடுவாள். தெருப்பூனைகளுக்குச் சோறு போடுகிறவர். அந்தப் பூனைகளைத் தொடக்கூடாது, மக்சிக் தருகிற பலகாரத்தைக்கூட வாங்கக்கூடாது என்று மகளுக்கு நான் தடை போட்டிருந்தேன். அவருக்கும் அது தெரியும். எங்கள் சத்தம் கேட்டு வேலி ஓரம் வந்தவர் மகளைப் பார்த்ததும், “அலமாக்!” என்று நெஞ்சில் கைவைத்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. “ஜோம், ஜோம்!” என்று எங்களை அவசரப்படுத்திக்கொண்டே தன் காரின் பின்கதவைத் திறந்தார்.

இருக்கை முழுவதும் பூனை முடி. தரையில் கொட்டிக் கிடந்த பூனைத்தீனியின் மீன் நாற்றம் முகத்தில் அடித்தது. மகளைத் தூக்கிக்கொண்டு நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நொடியாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் ஓடிப் பழைய நாளிதழ் எடுத்துவந்து விரிக்கலாமா என்று யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். மக்சிக் என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவமனை போகிற வழியெல்லாம் மகள் என் மடியில் முகம் புதைத்திருந்தாள். சன்னல் வெளிச்சம் பட்டாலே துடித்தாள். மனைவிக்கு நான்கு குரல்பதிவுகள் அனுப்பினேன். தொழிற்சாலையில் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். ஐந்து மணிக்கு முன் கேட்கமாட்டாள் என்று தெரிந்தும் அனுப்பினேன். நான்காவதில் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அவள் அதை அழிக்காமல் வைத்திருக்கிறாள். கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவசரப் பிரிவில் காத்திருந்தோம். யாரோ வாந்தி எடுத்த இடத்தில் ஈரத்துடைப்பம் ஓடியது. முன்னிருக்கைக்காரர் கையில் இருமி அதே கையை நாற்காலி முதுகில் வைத்தார். எல்லாம் கண்ணில் பட்டது, எப்போதும்போலக் குமட்டியது. மகள் அந்த நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டுதான் வலி பொறுத்தாள். அவள் கையை எடுத்துவிடவேண்டும் என்று என் கை துடித்ததை எண்ணினால் இப்போது நான்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறேன்.

கண் மருத்துவர் இளம்பெண், தமிழர். மகளின் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டார். ஒரு நிமிடத்தில் அவள் அழுகை நின்றது. ஆறு மணி நேரம் கழித்து வந்த அந்த வலிக்குப் பின் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தாள். வெண்விழி இரத்தமாக இருந்தது. அடுத்து ஏதோ மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, கருவியின் முன் அவள் தாடையை நிறுத்தி, விளக்கைப் போட்டார்.

நீல வெளிச்சம்.

மகள் என் சட்டையைப் பிடித்தாள். “ப்பா, அந்த லைட்டு!”

“இது அது இல்லம்மா. இது பாக்கறதுக்கு மட்டும்தான், ஒன்னும் பண்ணாது” என்றார் மருத்துவர். நிறைய நேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். “அந்த லைட்டுக்கிட்ட எவ்ளோ நேரம் நின்னீங்க?”

“இருபது எண்ணினேன். கை கழுவறதுக்கு இருபது எண்ணணும்னு அப்பா சொல்லியிருக்காரு. கண்ணுக்கு ஜாஸ்தி வேணும்னு பத்து தடவ எண்ணினேன்.”

“கண்ணத் தொறந்துக்கிட்டா?”

“விரலால இழுத்துப் பிடிச்சிக்கிட்டேன். அப்பறம் கோயில்ல தட்டுக் காட்டுவாங்கல்ல, அந்த மாரி கையக் காட்டிக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.”

“ஏன்டா கண்ணு அப்படிப் பண்ணீங்க?”

மகள் என் சட்டையை விடவில்லை. ஆனால் பதிலை மருத்துவரிடம்தான் சொன்னாள்.

“கண்ணுல உள்ள கிருமி செத்துட்டா அப்பா கிட்ட வருவாரு.”

மருத்துவர் கருவியை அணைத்தார். சற்று நேரம் எதையோ எழுதினார். பிறகு என்னிடம் திரும்பினார். குரலில் மரியாதை குறையவில்லை, கனிவு இல்லை.

“கருவிழியோட மேல் தோல் வெந்திருக்கு, சார். வெயில்ல முதுகு உரியுமே, அந்த மாதிரி. ரெண்டு மூணு நாள்ல புதுசா வளந்துடும். வலி இருக்கும். இந்த மரத்துப்போற மருந்த வீட்டுக்குத் தரமாட்டேன், அது ஆற விடாது. வேற தர்றேன். நாளைக்குக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க.”

“பார்வை?”

“போகாது. இன்னிக்குப் பாத்த வரைக்கும் அப்படித்தான் சொல்வேன். நாளைக்குப் பாத்துட்டு இன்னும் உறுதியா சொல்றேன்.”

“முந்தா நேத்து… நேத்து பூளை இருந்துச்சு, டாக்டர். கண்வலி…”

“கண்வலி மாதிரி எனக்குத் தெரியல. தூசி பட்டிருக்கும். தொடச்சி விட்டிருந்தா போயிருக்கும்.” பேனாவை மூடினார். “வீட்ல சவுக்காரம் இல்லையா, சார்?”

மருந்தகத்துக்கு முன்னால் இருந்த நீள இருக்கையில் உட்கார்ந்தோம். மகளின் இரண்டு கண்களிலும் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். மக்சிக் எங்களுக்குத் தண்ணீர் வாங்கிக்கொடுத்துவிட்டுத் தொழப் போயிருந்தார். மகள் என் தோளில் சாய்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை இராத்திரி சாயவிடாத அதே தோள். அவள் மூக்கிலிருந்து வடிந்தது என் சட்டைக் கழுத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. என் வயிறு அதற்கும் புரண்டது என்பதை மறைக்கப்போவதில்லை. இது ஒரே நாளில் போகிற நோய் இல்லை. பின்னொரு நாள் அந்த விளக்கைத் தூக்கியெறிந்தபோது, அது நின்ற அலமாரியைத் திருப்பிப் பார்த்தேன். தட்டுகளின் அடிப்பக்கம் முழுக்கக் கரப்பான் முட்டைகள், வரிசையாக, காய்ந்தும் காயாமலும். அந்த ஒளி தான் படுகிற இடத்தை மட்டும்தான் சுடும். அடியில் இருந்ததை அது தொடவே இல்லை. என் மகளின் கண்ணைத்தான் தொட்டது.

அன்று மாலை, மருந்தகத்து இருக்கையில், ஏழேகால் இருக்கும். வரிசை எண் கூப்பிடுகிற ஒலிக்கு நடுவே சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்டது. மகள் தலையை நிமிர்த்தி, “அம்மா?” என்றாள்.

மனைவிதான். பாலத்தில் சனிக்கிழமை நெரிசலைக் கடந்து நேராக வந்திருந்தாள். தொழிற்சாலைச் சீருடை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், கண்ணாடியை மட்டும் மேலே தள்ளியிருந்தாள். ஓடி வந்தவள் எங்களுக்கு நான்கடி தள்ளிச் சட்டென்று நின்றுவிட்டாள். மகள் அவளைத் தேடி இரண்டு கைகளையும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தாள்.

மனைவி அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேட்டருகில் நின்று பேசுகிற கேலி அவள் குரலில் கொஞ்சம்கூட இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

“நான் இன்னும் குளிக்கலைங்க. புள்ளையத் தொடலாமா?”