கோமதியம்மாள் வீட்டு ரசமும் சுகிர்தத்தின் பாட்டிலும்

அறுபத்தொன்றாம் வருஷத்துச் சாரல் நேரத்தில் தென்காசியில் ஒரு பெண் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கினாள். பிச்சைக்காரி அல்ல, மாதச் சம்பளம் வாங்குகிற சர்க்கார் நர்ஸ், பெயர் சுகிர்தம். ஒரு நாளில் வீட்டார் தின்பதில் ஓர் ஆள் பங்கை, மோர் வரைக்கும் விடாமல், ஆசிட்டில் கழுவிய கண்ணாடிப் பாட்டில்களில் அடைத்துச் சென்னைக்கு அனுப்புவாள். அங்கே அதை எரித்துச் சாம்பலாக்கி, காரீயம் எவ்வளவு, தாமிரம் எவ்வளவு என்று பார்த்து, ஊர் மொத்தமும் தினம் எவ்வளவு உலோகத்தை விழுங்குகிறது என்று கணக்குப் போடுவார்கள். சோற்றைத் தீய்ப்பதற்குச் சம்பளமா, எங்கள் வீட்டில் தினமும் இனாமாக நடக்கிறதே என்று ஊரார் சிரித்தார்கள்.

சுகிர்தம் சிரிக்கவில்லை. குற்றாலம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் பெண்களுக்கு ஓயாத வயிற்றுவலி, சோகை பிடித்த முகம். கோமதியம்மாளின் மருமகள் உலகம்மைக்கு இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. இரண்டாம் தடவை பக்கத்தில் இருந்தவள் சுகிர்தம். இப்போது உலகம்மை மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

காரீய விஷமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு இந்த வேலையைத் தொடங்கியவர் டாக்டர் அருமைநாயகம். சென்னையிலிருந்து வந்த பதிலோ, சாப்பாடு சுத்தம் என்றது.

"இன்னும் ஒரு தடவைதான் அனுப்பச் சொல்லியிருக்காங்க, சுகிர்தம். அதுலயும் இல்லேன்னா மூடிருவாங்க."

"இருக்கு டாக்டர். நமக்குத்தான் குடுக்க மாட்டேங்காவ."

அவள் கண்டுபிடித்தது இதுதான். சர்க்கார் ஆள் வருகிறாள் என்றதும் எல்லா வீட்டிலும் பரணிலிருந்து சீதன எவர்சில்வர் இறங்கிவிடும். சமையல் அதில்தான் நடக்கும். தினப்படி ரசம் கொதிக்கிற ஈயச் செம்பு குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அசல் வெள்ளீயச் செம்பு என்றால் கெடுதல் இல்லை. அந்தத் தெருவோ ஐந்தருவிச் சீசன் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று மொத்தமாக வாங்கி வந்திருந்தது. மலிவான ஈயத்தில் காரீயம் கலந்திருக்கும். புளித்தண்ணீர் அதை நன்றாகவே கரைக்கும்.

சுகிர்தம் முதலில் நேராகவே கேட்டுப் பார்த்தாள்.

"தெனம் வைக்குத செம்புலயே வச்சுத் தாங்கக்கா."

"நல்லாருக்கே," என்றாள் கோமதியம்மாள். "மெட்ராசுக்குப் போற ரசத்த கருத்த செம்புல வச்சுக் குடுத்தா, தென்காசிக்காரிக்கு ஏனத்துக்கு வழியில்லைம்பான்."

வேறு வழியில்லை. மறுநாள் சுகிர்தம் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லு, பொறவு பாப்போம்."

"போன தடவ பாட்டில மூடும்போது உங்க ரசத்த ஒரு சொட்டு நாக்குல வச்சேன். வெந்நியில புளியக் கரைச்சாப்புல இருந்துச்சு. அடுத்த வீட்டுப் பார்வதியம்மா ரசம் தேவல."

அப்பட்டமான பொய். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் முன்கூட்டியே தீர்மானித்திருந்தாள்.

கோமதியம்மாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"யாரு, பார்வதியா? அவ ரசம் வச்சா மாடே மொகத்த திருப்பும். நீ குடிச்சது எவர்சில்வர் ரசம்ட்டி. எவர்சில்வர்ல மணம் எங்கன வரும்? ஏட்டி உலகம்மை, குதிருக்குப் பின்னால அந்தச் செம்ப எடு."

செம்பு வந்தது. மிளகு தட்டி, பெருங்காயம் போட்டு, நுரை கட்டும் பக்குவத்தில் இறக்கி, சுகிர்தத்தின் பாட்டிலைக் கோமதியம்மாள் தன் கையாலேயே நிரப்பினாள். மிச்சத்தை டம்ளரில் நீட்டினாள். "குடிச்சுட்டுச் சொல்லு."

சுகிர்தம் குடித்தாள். நல்ல ரசம். அதுதான் கொடுமை.

சென்னைக்காரர்கள் அந்தச் சாம்பலை நம்பாமல் மறுபடியும் சோதித்தார்களாம். இரண்டு தடவையும் காரீயம் ஏகத்துக்கு இருந்தது. ஆனால் ஒரு வீட்டை வைத்து ஊர்க்கணக்குப் போட முடியாது, தெரு முழுவதும் வேண்டும் என்று எழுதினார்கள். தெருவில் இறங்குவதற்கு முன்னால் சுகிர்தம் கோமதியம்மாள் வீட்டுக்குப் போய், செம்பையும் உலகம்மையின் வயிற்றையும் சேர்த்து விஷயத்தைச் சொன்னாள்.

கோமதியம்மாள் மருமகளைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ச் செம்பை எடுத்து வந்து சுகிர்தத்தின் மடியில் வைத்தாள்.

"கொண்டுட்டுப் போ. இனி எவர்சில்வர்தான். ஆனா, குத்தம் செம்புலதான், ரசத்துல இல்லைன்னு மெட்ராசுக்கு எழுதிரு."

"எழுதுதேன்க்கா."

செம்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சுகிர்தம் அடுத்த வீட்டுப் படி ஏறினாள்.

"பார்வதியக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. நீங்க ரசம் வச்சா மாடே மொகத்த திருப்பும்னு தெருவுல ஒரு பேச்சு ஓடுதே."