மணி மெஷினும் மோட்டார் மெஷினும்

என் வீட்டுக்காரரிடம் பச்சை குத்தும் மெஷின்கள் இரண்டு இருந்தன. இரண்டையும் அவரே செய்தார். அதை அவர் யாரிடமாவது சொல்லாமல் ஒரு நாளும் போனதில்லை. முதலாவது, தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வெள்ளைக்காரத் துரை வேலைக்காரனைக் கூப்பிடுவதற்கு வைத்திருந்த மின்சார மணி. துரை ஊருக்குப் போன பிறகு கழற்றி எறிந்ததை எடுத்து வந்து, கிண்ணத்தை நீக்கிவிட்டு, கிண்ணத்தில் அடிக்கும் குண்டு இருந்த இடத்தில் ஊசியைப் பூட்டியிருந்தார். செப்புக் கம்பி சுற்றிய இரண்டு காயில்கள் ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். இழுத்ததும் கரண்டு அறுந்து தகடு திரும்பும், மறுபடி இழுக்கும். மணி அடிக்கிற அதே வேலைதான். கிண்ணத்துக்குப் பதிலாக மனுஷத் தோல்.

மற்றது, பழுதாய்ப் போன ஒரு பாட்டுப் பெட்டியின் மோட்டார். அச்சில் ஒரு சின்னச் சக்கரம், சக்கரத்தின் ஓரத்தில் ஒரு முளை, முளையில் மாட்டிய கம்பி, கம்பியின் நுனியில் ஊசி. சக்கரம் சுற்றச் சுற்ற ஊசி மேலும் கீழும் போய் வரும். இரண்டு மெஷினுக்கும் சேர்த்து ஒரே பழைய கார் பேட்டரி. நாங்கள் ஒன்றை மணி மெஷின் என்போம், மற்றதை மோட்டார் மெஷின் என்போம்.

என் கல்யாணப் பேச்சில் இந்த மெஷின்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை மாத்தளை டவுனில் எலக்ட்ரிக் வேலை என்றார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். கல்யாணமாகி ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் விளங்கியது. தோட்டத்துப் பெண்கள் ஓர் ஆம்பிளையிடம் கையை நீட்டிக்கொண்டு உட்காரமாட்டார்கள். அவருக்கு ஆடாத கையுள்ள, நாலு எழுத்து எழுதத் தெரிந்த ஒரு பெண் வேண்டியிருந்தது. கொழுந்து பறித்த கை ஆடாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்தும் குண்டு குண்டாக இருக்கும். ஆக, நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

நாங்கள் இருந்தது ஒரு கடையின் பின்கட்டு அறை. சன்னல் கிடையாது. ஒரே வாசல், அதுவும் கடைக்குப் போகிற நடையில் திறக்கும். அந்த நடையில் ஒரு ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். உள்ளே நான், பேட்டரி, வேலைக்கு வந்த பெண். கதவுக்குப் பதில் தொங்கிய சீலைக்கு அப்பால் அவருக்கு எதுவும் தெரியாது, ஆனால் மணி மெஷினின் இரைச்சல் கேட்கும். அது கேட்கிற வரை நான் வேலை செய்கிறேன் என்று அர்த்தம். கொஞ்சம் நின்றால் போதும், "என்ன, நின்னு போச்சு?" என்று குரல் வந்துவிடும். தண்ணீர்கூட நான் சத்தத்தோடுதான் குடித்தேன், ஒரு கையில் மெஷினை ஓடவிட்டுக்கொண்டு.

பழகியது பச்சைப் பப்பாளியில். ஊசி கூடுதலாக இறங்கினால் பால் வடியும், அளவாக இறங்கினால் வடியாது. பப்பாளிக்கு வலிக்காது என்பதைத் தவிர வேறு குறை அதில் இல்லை. பப்பாளி சரியாக வந்ததும் என் சொந்தக் காலில் கோடு போடச் சொன்னார். போட்டேன். முழங்காலுக்குக் கீழே இன்றைக்கும் பன்னிரண்டு கோணல் கோடுகள் இருக்கின்றன.

அந்தப் பன்னிரண்டில்தான் இரண்டு மெஷினின் குணமும் எனக்குத் தெரிந்தது. மணி மெஷின் கனம், மணிக்கட்டு வலிக்கும், அரை மணி நேரத்தில் சூடேறிவிடும். ஆனால் அது எதையும் ஒளிக்காது. ஊசி ஆழமாகப் போனால் சத்தம் அமுங்கும், திருகாணி தளர்ந்தால் சத்தம் சிதறும், இறுக்கினால் காதை அடைக்கும், எலும்புக்கு மேலே போனால் தகட்டைத் திருப்புகிற வில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கோடு ஒரே இழுப்பில் கறுப்பாக விழும். வலியும் அப்படியே ஒரே இழுப்பில் வரும். மோட்டார் மெஷின் இலேசு, சாது, சத்தமே இல்லை. விட்டுக்கொடுக்க மட்டும் அதற்குத் தெரியாது. கை ஒரு நொடி தயங்கினால் அதே இடத்தைக் குத்திக் குத்திக் கிழித்துவிடும். அதனால் கையை நிறுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாக, மேலாக ஓட்ட வேண்டும். இரண்டு மூன்று தடவை போனால்தான் கறுப்பு பிடிக்கும். வலி குறைவு, நேரம் அதிகம். அவருக்கு மோட்டார் மெஷின்மேல் பெருமை அதிகம், ஆனால் வாடிக்கைக்கு மணி மெஷினைத்தான் எடுக்கச் சொல்வார்.

அது அரிசிக்கும் மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற காலம். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்களும் அப்போதுதான் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் இருக்கிறவர்களின் பெயரையும், இருக்கிறவர்கள் போகிறவர்களின் பெயரையும் கையில் குத்திக்கொண்டார்கள். என் அப்பா இந்தியப் பிரஜா உரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். என் வீட்டுக்காரர் இலங்கைக்கு. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் பக்கம். இதில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்பாவுக்குப் பயணத் தேதி வந்தது. மாரியம்மன் கோவில் தேருக்கு மறுநாள் காலை, மாத்தளையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல். அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேரும். அதற்கு முன்னால் நாலு நாள் தோட்டத்தில் போய் இருந்துவிட்டு வரட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். உடனே சரி என்றார். நான் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

புறப்படுகிற நாள் மத்தியானம் நாலந்தாப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். புதுசாகக் கல்யாணமானவள். புருஷன் பெயர் போட வேண்டும். எங்களில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. அதனால் கூட வந்த யாராவது சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். இவள் தனியாக வந்திருந்தாள். படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்த கடுதாசி உறை ஒன்றை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். மேலே இருந்த பெயரில் விரலை வைத்து இதானா என்று கேட்டேன். சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். வேறு நாளாக இருந்தால் கடைக்குள் யாரையாவது கூப்பிட்டு இரண்டு வார்த்தை விசாரித்திருப்பேன். எனக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. மணி மெஷினை எடுத்தேன், நாலெழுத்துப் பெயர், பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் எழுதியதில்லை.

துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் திரும்பி வந்தாள். கூடவே புருஷன். சந்தையில் நின்றவன், படிக்கத் தெரிந்தவன். அவன் சத்தம் போடவில்லை. அவள் கையை என் வீட்டுக்காரருக்கு முன்னால் தூக்கிப் பிடித்தான்.

"வாசிங்க பாஸ்."

அவர் வாசித்தார்.

"அது எங்க அப்பா பேரு," என்றான் அவன்.

கடுதாசி மாமனாருக்கு வந்தது. தன் வீட்டுக்கு வரும் கடுதாசியில் தன் புருஷன் பெயர்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். மாமனார் பெயரையும் அவள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே நான் என்ன எழுதினேன் என்பதை அவளாலும் சொல்ல முடியாது. கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இந்தக் கையோடு அவள் லயத்துக்குப் போனால் என்ன பேச்சு வரும் என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரிந்தது.

எழுத்து தெரியாதபடி மேலே ஒரு மாங்காயை வரைந்து உள்ளே முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிடுவதுதான் ஒரே வழி. புண்ணுக்கு மேல் புண் ஆகும் என்பதால் ஒரே நாளில் முடியாது. ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. அதுவரை டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாகச் சொன்னார்கள். நான் என் பையைப் பார்த்தேன். வீட்டுக்காரரும் பார்த்தார்.

"ஒன் தப்பு புள்ள. நீதான் முடிக்கணும்," என்றார்.

அவர் சொன்னது நியாயம். அநியாயமாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும், பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். நாலு எழுத்து, நாலு நாள், அது முடிந்தால் மறுநாள் தேர். மோட்டார் மெஷின் எனக்குக் கைவந்தது அந்த நாலு நாளில்தான். எழுத்தின் மேல் சின்ன வட்டம், அதன் மேல் சின்ன வட்டம், கையை நிறுத்தாமல். ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு அவள் போவாள், நாலு மணிக்கு யட்டவத்தை பஸ் போகும். அவள்மேலும் கோபம் வந்தது, கடுதாசி எழுதியவன்மேலும் கோபம் வந்தது. என்மேல் வந்த கோபத்தை இறக்கி வைக்கத்தான் இடமில்லை.

தேர் நாளன்று கோவிலுக்குக் கொஞ்சம் தள்ளி, சாக்குத் திரை கட்டிக் கடை போட்டிருந்தோம். தோட்டங்களிலிருந்து சனம் வந்து குவிந்திருந்தது. மணி மெஷின் மட்டும் போதும், மோட்டாரைத் தொடாதே, வரிசை நீளம் என்று சொல்லிவிட்டு அவர் திரைக்கு வெளியே போய்விட்டார். அம்மா ஆட்கள் தேருக்கு வருவார்கள் என்று தெரியும். எந்தப் பக்கம் நிற்கிறார்களோ, என்னைத் தேடுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டே குத்தினேன். எழுந்து திரையை விலக்கிப் பார்க்க வேண்டுமென்றால் மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அவர் குரல் வரும். தேர் எங்களைக் கடந்து போனதை மேளச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

வேலை மும்முரத்தில் நான் முகங்களைப் பார்ப்பதில்லை, வருகிற கையை மட்டும்தான் பார்ப்பேன். ஒரு கை வந்தது. கொழுந்துக் கறை ஏறி விரல் நுனியெல்லாம் வெடித்த கை. பிடித்த உடனே தெரிந்துவிட்டது. அம்மா இரண்டு மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்று வந்திருந்தாள். வெளியே மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தால் முதலிலேயே விட்டிருப்பார். வேலை நேரத்தில் கூப்பிட்டால் நன்றாக இருக்காது என்று தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் நின்றிருக்கிறாள். மற்றவர்களிடம் கேட்பதையே கேட்டேன்.

"என்னம்மா போட?"

"எதப் போட்டா நேரமாகுமோ அதப் போடு," என்றாள்.

மணி மெஷினைக் கீழே வைத்துவிட்டு மோட்டார் மெஷினை எடுத்தேன். இரைச்சல் நின்றதும் வழக்கமான குரல் வந்தது. அவர் திரையைத் தூக்கிப் பார்த்தார். மாமியாரைக் கண்டதும் வாங்க அத்தை என்றார், உடம்பு எப்படி என்று விசாரித்தார். அப்புறம் என்னிடம், வெளியே சனம் காய்கிறது, மணியை எடுத்தால் சுருக்காக முடியும் என்றார். அம்மா ஒரு நாளும் அவர் முகம் பார்த்துப் பேசியவள் இல்லை. அப்போதும் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குச் சுருக்கா வேணாம் மாப்பிள்ள."

அவர் திரையை இறக்கினார்.

முழங்கையிலிருந்து ஒரு கொடியைத் தொடங்கினேன். ஓர் இலை, ஒரு தண்டு, இன்னோர் இலை. மோட்டார் மெஷின் சத்தமில்லாததால் மெதுவாகப் பேச முடிந்தது. பேசியதெல்லாம் ஒன்றுமில்லாத பேச்சு. அம்மியை யாரிடம் விட்டாள், ஆட்டை யார் வாங்கினார்கள், பாஸ்போர்ட் போட்டோவில் தங்கச்சி கண்ணை மூடிக்கொண்ட கதை. நான் தோட்டத்துக்கு வராததற்குக் காரணம் சொல்லத் தொடங்கினேன். மாப்பிள்ளை ஆளிடம் சொல்லியனுப்பினார், எல்லாம் தெரியும் என்று சொல்லி என்னை நிறுத்திவிட்டாள்.

கொடி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் இடமில்லை. முதல் இலைக்குத் திரும்பிப் போனேன். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. பிடிக்க வேண்டிய கறுப்பு எல்லாம் பிடித்துவிட்டது, இனிமேல் போவது வெறும் புண் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நாலாம் தடவையும் போனேன். இரத்தம் துளி துளியாக எழும்பியது. அம்மா கையை இழுக்கவில்லை. முடிந்துவிட்டதா என்றும் கேட்கவில்லை. வெளியே பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் நான்தான் கையை விட்டேன். புண்ணான கையைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, வாரேன் என்று சொல்லிவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு போனாள்.

தேருக்கு மறுநாளும் கூட்டம் இருந்தது. விடிந்ததும் கடைக்கு வந்துவிட்டோம். பேட்டரியைப் பூட்டிக்கொண்டே அவர் சொன்னார்.

"ஸ்டேஷனுக்குப் போறதுன்னா போயிட்டு வா. நான் சனத்த நிக்கச் சொல்றேன்."

கோவிலடியிலிருந்து ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். நான் எழுந்தும் நின்றேன். நேற்று ஒரு தடவை விட்ட கையை இன்னொரு தடவை பிடித்து விடுவதற்கு எனக்குத் தெம்பில்லை. மறுபடியும் உட்கார்ந்து, அடுத்த ஆளை வரச் சொன்னேன். யாரும் சொல்லாமலே மணி மெஷினை எடுத்துத் திருகாணியை முழுக்க இறுக்கினேன். ரயில் ஊதியது எனக்குக் கேட்கவில்லை.