பெயர் தெரியாத ஐந்து நெல்லும் ஒட்டிய கவரும்: தேவதானம் போய்வந்த கதை

போன மாசியில் ஒரு வியாழக்கிழமை மேலூரிலிருந்து கிளம்பி தேவதானம் போய்வந்தேன். கோயிலுக்கா என்று கேட்காத ஆள் இல்லை. நெல்லை எடை போடுவதைப் பார்க்கப் போகிறேன் என்றதும் எல்லார் முகமும் ஒரு மாதிரி ஆனது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய போகத்தில் விதைக்கடைக்காரர் பேச்சை நம்பி, இரண்டு ஏக்கர் குத்தகை வயலிலும் ஒரே ரகத்தைப் போட்டேன். கதிர் வரும் நேரத்தில் குலைநோய் விழுந்து பாதி நெல்தான் வீடு வந்தது. "இன்னொரு தடவை இப்பிடி ஆனா வயலை விட்ருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். கோபத்தில் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

தேவதானத்தில் சில விவசாயிகள் எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், தாங்களே ஐந்து நெல் ரகங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வயல் பேச்சியம்மா அக்காவுடையது. போனில் பேசியபோதே ஒரு வேலை வைத்துவிட்டார். யாரும் ஒரு ரகத்தின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாதென்று வயலில் எண் மட்டும்தான், எந்த எண் எந்த ரகம் என்று எழுதிய கவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மெடிக்கல் கடையில் இருக்கிறது. கடைக்காரருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது, அதனால்தான் கவர் அவரிடம். எடை போடும் நாளில் அதை வெளியூர்க்காரர் யாராவதுதான் கொண்டுவர வேண்டுமாம்.

காலை 5.40-க்கு மாட்டுத்தாவணியில் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கிலோமீட்டர், டிக்கெட் எண்பது ரூபாய். டி.கல்லுப்பட்டியில் டீக்கு நிறுத்தியும் எட்டு மணிக்கு முன்பே இறங்கிவிட்டேன். கடை திறக்க ஒன்பது ஆகும் என்பதால் இட்லி சாப்பிட்டு, கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டேன். மெடிக்கல்காரர் கவரை நீட்டும்போது, "வழியில பிரிச்சிராதியம்மா, போன வருசம் ஒருத்தர் பிரிச்சுப்புட்டாரு" என்றார். அவர் யார் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளின் மருந்துச் சீட்டை வாங்கப் போய்விட்டார்.

ராஜபாளையம் 12 கிலோமீட்டர், அங்கிருந்து சேத்தூர் வழியாக தேவதானம் இன்னொரு 14. இரண்டுமே டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எழுத்து தெரியுமோ என்று வழி நெடுகக் கை நமநமவென்றது. பையின் அடியில், பால்கோவாவுக்குக் கீழே வைத்துவிட்டேன். பஸ் நிறுத்தத்திலிருந்து வயலுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். "அந்த நம்பர் போட்ட வயலா? எங்க மாமாகூட பாத்துட்டு வந்து மூணாம் நம்பரு பிரமாதம்னாரு" என்றார் டிரைவர்.

வயலில் தாள்தான் மிச்சம். அறுத்து, அடித்து, காயவைத்த நெல் களத்தில் பதினைந்து மூட்டைகளாக இருந்தது. ஐந்து எண், ஒவ்வொன்றும் வயலின் மூன்று வெவ்வேறு இடங்களில் ஒவ்வொரு சென்ட். பேச்சியம்மா அக்கா நோட்டைப் பிடித்துக்கொள்ள, அந்த விவசாயிகளில் ஒருவரான முருகையா அண்ணாச்சி மூட்டைகளைத் தூக்கித் தராசில் வைத்தார். அறுபது வயதிருக்கும். ஐந்தில் ஒன்று அவரே வருடா வருடம் கதிர் பொறுக்கிச் சேர்த்த விதை. அதை எப்படியாவது ஜெயிக்க வைத்துவிட வேண்டும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

இரண்டாம் எண்: 27, 26, 27 கிலோ. ஐந்தாம் எண்: 25, 26, 26. மூன்றாம் எண்: 34, 24, 23. ஒன்றும் நான்கும் எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. கூட்டினால் மூன்றுதான் முதல். எனக்கு இது போதும் என்று நினைத்தேன். "அக்கா, மூணுல முப்பது கிலோ விதை எனக்கு எடுத்து வைங்க" என்று சொல்லியபடியே கவரைக் கொடுத்தேன்.

பேச்சியம்மா அக்கா பிரித்துப் படித்தார். மூன்றாம் எண், என் வயலைக் கெடுத்த அதே கடை ரகம். ரகம் நல்லதுதானோ, கோளாறு என் வயலில்தானோ, அப்படியானால் அதையே மறுபடி போடுவதா? "சரி, கடை நெல்லுதான ஜெயிச்சிருக்கு, அதையே குடுங்க" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

"வேண்டாம்மா" என்றார் முருகையா அண்ணாச்சி.

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. "மூணுதான் என் வெதைன்னு நெனச்சேன். இலையப் பாத்தா எனக்குத் தெரியாதான்னு ஒரு திமிரு. வாய்க்கா ஓரத்து துண்டுக்கு மட்டும் ரெண்டு கூடை ஆட்டுப்புழுக்கை போட்டுப்புட்டேன். அந்த முப்பத்திநாலு அதுல வந்தது."

அவருடைய விதை ஐந்தாம் எண்.

பேச்சியம்மா அக்கா 34 என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். "எம்புட்டு வருசமா வெவசாயம் பாக்கிய அண்ணாச்சி, வேத்தாளுக்கா எரு சொமந்திய?" என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். மூன்றாம் எண்ணுக்கு மீதி இரண்டு துண்டும் 24, 23. அது முதலிடத்தில் இல்லை. எந்தத் துண்டிலும் ஏமாற்றாத இரண்டாம் எண்தான் முதல். அந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என் வயல் அன்றைக்கே போயிருக்கும். அதை அவரிடமே சொல்லிவிட்டு, பால்கோவாவைப் பிரித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: அறுவடை முடிந்து எடை போடும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று துண்டுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு ரகத்தை வாங்கிவந்து மொத்த வயலிலும் கொட்டிவிட்டுச் சும்மா இருக்காமல், ஒரு மூலையில் மற்ற ரகங்களையும் போட்டுப் பாருங்கள். உங்கள் மண் வேறு. திரும்பி வர கடைசி டவுன் பஸ்ஸை நம்பாமல் மாலை நான்குக்குள் கிளம்பிவிடுங்கள். போகவர எனக்கு, விதை நீங்கலாக, ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

இந்த ஐப்பசியில் பெரிய வயலில் இரண்டாம் எண் நிற்கிறது. மூலையில் ஐந்து துண்டு, ஐந்து குச்சி. எண் போட்டது எங்கள் ஊர் டெய்லர், கவரும் அவரிடம்தான். எது எது என்று எனக்கும் தெரியாது, வயலை விட்டுவிடுவோம் என்ற என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. முந்தாநாள் காலையில் நாலாம் துண்டை நோக்கி ஒரு கூடை எருவைத் தூக்கிக்கொண்டு போன அதே மனிதரை வரப்பில் மறித்துத் திருப்பி அனுப்பினேன்.