எங்கள் ஆட்களுக்கு வராத நோய்

அண்ணன் இறந்தது இரைப்பைப் புற்றுநோயில். அதைக் கண்டுபிடித்தபோது அவரால் கஞ்சியைக்கூட விழுங்க முடியவில்லை. அதற்கு முன் ஒரு வருடம் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக் ஒன்றில் கேஸ்ட்ரிக் என்று வெள்ளை மருந்துதான் கொடுத்தார்கள். தண்ணியை விடச் சொன்னார்கள். அவர் குடித்ததே இல்லை. அதைச் சொன்னால் சிரித்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கும் அதே இடத்தில் வலி வந்தது. கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர்களிடம் பேச எனக்கு வாய் வராது. அதனால் பெரிய மருத்துவமனைக்கு அண்ணியும் கூட வந்தார். வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்த இளம் டாக்டர் தமிழர்தான். வயிற்றில் கிருமி இருக்கிறது, புண்ணும் இருக்கிறது, மாத்திரையில் ஆறிவிடும் என்றார். பிறகு ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் கேட்டார்.

"இந்தக் கிருமியில சாதுவும் இருக்கு அங்கிள், மோசமான ரகமும் இருக்கு. உடம்புல வளர்ச்சிய தூண்டுற ஒரு பொருள் ரத்தத்துல ஓடும். மோசமான ரகம் இருக்கறவங்களுக்கு அது ஏறுதான்னு பார்க்கிறோம்."

"ஏறினா?" என்றார் அண்ணி.

"புற்றுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கலாம். பயப்படாதீங்க ஆன்டி. நம்ம ஆளுங்களுக்குக் கிருமி அதிகம், புற்று குறைவு. சீனவங்களுக்குத்தான் புற்று கூட."

"எங்க வீட்டுக்காரருக்கும் இதையேதான் சொன்னாங்க. செத்தப்புறம் அவர சீனவங்க கணக்குல எழுதிக்கிட்டாங்களா டாக்டர்?"

டாக்டர் ஊசியைப் பிரித்தார். அன்றைக்கு நான் பேசியது ஒன்றுதான்.

"என்னோடது எந்த ரகம்னு சொல்லுவீங்களா?"

"தனித்தனியா சொல்றதில்ல அங்கிள். பேர் இருக்காது, நம்பர்தான். எல்லாரையும் சேர்த்துத்தான் பார்ப்போம்."

"அப்புறம் எதுக்குக் குடுக்கணும்? சட்டைக் கைய இறக்கு தம்பி. போவோம் லா," என்றார் அண்ணி.

எழுந்துவிடத்தான் நினைத்தேன். மாத்திரைச் சீட்டு இன்னும் டாக்டரிடம் இருந்தது. ரத்தம் கொடுக்காவிட்டால் அதுவும் கிடைக்காதோ என்று பயம். கேட்கக் கூச்சம். கையை நீட்டினேன்.

வலி போய்விட்டது. அடுத்த முறை தனியாகப் போனேன். அங்கே வேறு டாக்டர். கிருமி செத்துவிட்டது என்றார். எந்த ரகம் என்று கேட்டேன். நான் எதைக் கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை.

"வலி இல்லதானே அங்கிள்? அப்புறம் என்ன?"

வீட்டுக்கு வந்து, நல்ல ரகம்தானாம் என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"யாரு, டாக்டரா சொன்னாரு?"